கிளம்பும் ஆண்டின் வசந்தம்

சிறு பண்ணையை விட்டுக் கிளம்பத் தேதி குறித்தாகிவிட்டது. மண் இப்போதுதான் இளகத் தொடங்கியிருக்கிறது. வண்டி வர இன்னும் 14 வாரம். வீட்டில் பத்துப் பேர். இந்த இடத்தில் நிற்கும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழக்கம் சும்மா இருக்க விடாது. போன வருஷம் போட்டதையெல்லாம் இந்த வருஷமும் போடச் சொல்லும். விதைப் பெட்டி திறந்துவிடும், அடைக்கோழிக்கு முட்டை வைத்துவிடுவார்கள். பத்தாவது வாரத்தில் பார்த்தால் பாதி வளர்ந்த குஞ்சுகள், காய் பிடிக்காத தக்காளி, பால்குடி மறக்காத குட்டிகள் என்று பண்ணையே அரைகுறையாக நிற்கும். அரைகுறையாக நிற்பதை வண்டியில் ஏற்றுவதும் கஷ்டம், நல்ல விலைக்கு விற்பதும் கஷ்டம். அதனால் இந்த ஒரு வசந்தத்தில் நாட்காட்டியைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். கிளம்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் முடியாத எதையும் தொடங்க வேண்டாம். கடைசி இரண்டு வாரத்தில் காய் பறிக்கவோ கோழி அறுக்கவோ யாருக்கும் கை ஒழியாது. ஆக, கையில் இருப்பது 12 வாரம், 84 நாள்.

காய்கறியில் இந்தக் கணக்கு சுலபம். முள்ளங்கி 25 முதல் 30 நாள். லெட்டூஸை இலையாகக் கிள்ளுவதென்றால் 30 நாளிலிருந்தே கிள்ளலாம். பசலைக்கீரை 40 முதல் 45 நாள். பட்டாணிக்கு 60, 65 நாள் என்று பொட்டலத்தில் போட்டிருக்கும், ஆனால் மண் 5 டிகிரி செல்சியஸில் இருந்தால் முளைத்து வெளியே வரவே ஒரு மாதம் ஆகிவிடும். அதே விதை 10 டிகிரி மண்ணில் இரண்டு வாரத்தில் தலை காட்டும். அவசரப்பட்டு ஈரமான குளிர் மண்ணில் போட்ட விதை அழுகிப்போவதும் உண்டு. ஒரு வாரம் பொறுத்து, மண்ணில் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டுப் போட்டால் முந்திப் போட்டவற்றை எட்டிப் பிடித்துவிடும்.

தக்காளியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பொட்டலத்தில் 70 நாள் என்று இருந்தால் அது நாற்றை நிலத்தில் நட்ட நாளிலிருந்து எண்ணுவது. வீட்டுக்குள் நாற்று வளர்க்கும் ஆறிலிருந்து எட்டு வாரம் அதில் சேராது. இரண்டையும் கூட்டினால் 110 நாளைத் தாண்டிவிடும். தக்காளி, மிளகாய், பூசணி, வெங்காயம் எதுவும் இந்த வசந்தத்துக்கு வேண்டாம். உருளையை மட்டும் ஒரு சிறு பாத்தி போடலாம். முற்றிய கிழங்கு கிடைக்காது, ஆனால் பூத்த பிறகு, பத்தாவது வாரத்தை ஒட்டி, தோல் மெல்லிய சிறு கிழங்குகளைத் தோண்டலாம். அவை சேமிப்புக்குத் தாங்காது. தோண்டிய வாரமே சாப்பிட்டுவிடும் பெரிய குடும்பத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கறிக்கோழி வளர்க்கிற வீடென்றால் அதற்கும் இதே கணக்கு. வேகமாக வளரும் கலப்பினம் எட்டு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். கிளம்ப 13 வாரம் இருக்கும்போது குஞ்சு வாங்கினால் ஐந்து வாரம் பாக்கி இருக்கையில் வேலை முடியும். எத்தனை குஞ்சு என்பதில்தான் தவறு நடக்கும். பத்துப் பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு பெரிய கோழி, வாரத்துக்கு இரண்டு வேளை என்று வையுங்கள். ஐந்து வாரத்துக்குப் பத்துக் கோழி, இழப்புக்கு இரண்டு சேர்த்துப் பன்னிரண்டு. வழக்கமாக 25 வாங்கும் கை இங்கே நிற்க வேண்டும். மிச்சக் கோழிகள் உறைபெட்டியை நிறைக்கும், உறைபெட்டியோ கிளம்புவதற்கு முன் காலியாக வேண்டிய சாமான். முட்டைக்கோழிக் குஞ்சு ஒன்றுகூட வேண்டாம். முதல் முட்டைக்கே 18 முதல் 22 வாரம் ஆகும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது பொதுவான அளவு. வெப்பமானியைவிடக் குஞ்சுகள் நிற்கும் விதம் தெளிவாகச் சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி, வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, சில தின்று, சில தூங்கினால் சரியாக இருக்கிறது. இந்தக் காவலை எட்டு வயதுப் பிள்ளையிடம் நம்பிக் கொடுக்கலாம், விளக்கைத் தொங்கவிடும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்ய வேண்டும். சூட்டு விளக்கை ஒரு கயிற்றை நம்பித் தொங்கவிட்டுத் தீப்பிடித்த கொட்டகைகள் ஏராளம். சங்கிலி ஒன்று, அது அறுந்தாலும் தாங்க இன்னொரு கம்பி என்று இரண்டு பிடிப்பு இருக்கட்டும்.

பழைய முட்டைக்கோழிகளில் எவை வண்டி ஏறும், எவை ஏறாது என்பதை வசந்தத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்தைத் தொடும் பருவத்தில் நல்ல பெட்டை வாரத்துக்கு ஐந்து முட்டையாவது இடும். பதினைந்து பெட்டை இருந்தால் வாரத்துக்கு 75, பத்துப் பேருக்குத் தினம் ஒன்று போக ஒரு கைப்பிடி மிச்சம். கோழி வாங்குபவர்களும் இந்த நேரத்தில்தான் தேடுவார்கள். கடைசி வாரத்தில் விற்கப் போனால், வேறு வழியில்லாமல் விற்கிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். கூடவே வரும் கோழிகளும் இடம் மாறியதும் சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட, முட்டையை நிறுத்திவிடும். அதையும் சமையலறைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடுகள் இருந்தால் இந்த வசந்தத்தின் கனமான பகுதி அவைதான். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால், எப்போது குட்டி போடும் என்பது இலையுதிர் காலத்திலேயே தீர்மானமாகிவிட்ட விஷயம், மாற்ற முடியாது. குட்டி எட்டு வாரத்துக்கு முன் பால் மறக்கக் கூடாது, பத்து வாரம் என்றால் நல்லது. பால் மறப்பதும் இடம் மாறுவதும் ஒரே வாரத்தில் வருவதுதான் பெரிய ஆபத்து. அலைக்கழிப்பு வரும்போது குட்டிகளின் குடலில் காக்சிடியா ஒட்டுண்ணி பெருகும். முதலில் வாலடி அழுக்காகும், முடி மினுமினுப்பை இழக்கும், பிறகு கழிச்சல் கண்டு குட்டி துவண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி கிடைக்காதென்றால், பால் மறக்க வைக்காமல் தாயோடு சேர்த்தே ஏற்றிப் போய், அங்கே நிலைத்த பிறகு பிரிப்பதுதான் என் வழி.

தீவனத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பழகிய தீவனத்துக்கு ஏற்றபடி அமைந்தவை. போன இடத்தில் புதுப் புல்லையும் புது தானியத்தையும் ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்பும், பால் சரியும். அதனால் இரண்டு வாரத்துக்குப் பழைய புல்லையே கூட எடுத்துப் போங்கள். ஓர் ஆட்டுக்கு நாளைக்கு இரண்டு கிலோ உலர்புல் என்று கணக்கிட்டால் நான்கு ஆட்டுக்கு இரண்டு வாரத்துக்கு 112 கிலோ. 20 கிலோ கட்டு ஆறு. முதல் மூன்று நாள் முழுக்கப் பழைய புல், அப்புறம் கால் பங்கு புதுசு, பாதி, முக்கால் என்று பத்து நாளில் மாற்றினால் அநேகமாகத் தொல்லை வராது. உலர்புல் கனம் குறைவு, இடம்தான் அதிகம் பிடிக்கும். ஆறு கட்டுக்கு வண்டியில் இடம் இல்லையென்றால் மேசையை விட்டுவிட்டுப் புல்லை ஏற்றுங்கள்.

பால் கறக்கும் ஆட்டை விற்பதானால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்குக் கறப்பது, எந்தப் பக்கமிருந்து, மேடையில் நிற்கும்போது எவ்வளவு தானியம், எந்தக் காம்பு கொஞ்சம் கடினம், கடைசியாகக் குடற்புழு மருந்து எப்போது. இதெல்லாம் தெரியாமல் வாங்கிப் போனவர் முதல் இரண்டு நாள் தடுமாறுவார், கறக்காமல் தேங்கிய பாலால் மடிநோய் வரும். கால்நடையை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல இடங்களில் காதில் மாட்டும் அடையாள வில்லையும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். சான்றுக்குக் காலக்கெடு இருக்கும் என்பதால் சீக்கிரம் வாங்கி வைத்தாலும் உதவாது. எந்த வாரத்தில் வாங்க வேண்டும் என்பதை இப்போதே கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தேனீப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் ஒரு கூடு முழுவதும் ஒரே மதியத்தில் செத்துப்போகும். குளிர்காலம் தாண்டிய பலமான கூடு வசந்தத்தில் பிரிந்து பறக்கப் பார்க்கும். எனவே கிளம்பும் ஆண்டில் அதை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்து, பாதியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது. பயணத்துக்கு முன் மேல் அடுக்கின் தேனை எடுத்துவிடுங்கள். அந்த வருஷம் கட்டிய புது அடை மென்மையானது. தேன் கனத்தோடு வெயிலில் குலுங்கினால் சட்டத்திலிருந்து கழன்று விழுந்து ராணியை நசுக்கும்.

நகர்த்துவதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: ஒரு மீட்டருக்குள் நகர்த்து, இல்லையென்றால் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோ. நடுவில் எங்கே வைத்தாலும் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வீடு மாறும்போது தூரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. பாக்கி இருப்பது அடைக்கும் வேலை. இருட்டும் வரை காத்திருங்கள். வெப்பமான மாலையென்றால் வாசலில் தாடி தொங்குவது போலத் தேனீக்கள் கொத்தாக நிற்கும். புகையை இரண்டே ஊது, அதற்கு மேல் வேண்டாம். மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளியுங்கள், பத்து நிமிஷம் விடுங்கள், ஒவ்வொன்றாக உள்ளே நடக்கும். கடைசி ஆள் நுழைந்ததும் வாசலுக்குக் கம்பி வலை. பலகையால் மூடக் கூடாது. மேல் மூடியை எடுத்துவிட்டு அங்கேயும் வலை. அடைபட்ட கூடு பதற்றத்தில் சூடாகும், காற்று கிடைக்காவிட்டால் மெழுகே இளகி எல்லாம் ஒரு குழம்பாகிவிடும். அடுக்குகள் நழுவாமல் இரண்டு ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். வண்டியில் வைக்கும்போது சட்டங்கள் போகும் திசைக்கு நேராக இருக்கட்டும், பிரேக் பிடிக்கையில் ஒன்றோடொன்று மோதாது. பட்டை இறுக்கிய பிறகு பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேளுங்கள். தாழ்ந்த, சீரான ரீங்காரம் என்றால் நிம்மதி. சத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் வலை வழியாகத் தண்ணீர் தெளித்து உடனே காற்றோட்டம் கொடுக்க வேண்டும். இராத்திரியிலேயே கிளம்பி, விடியும் முன் இறக்கிவிடுவது உத்தமம். திறந்ததும் வாசலுக்கு முன்னால் இலையோடு ஒரு கிளையைச் சாய்த்து வையுங்கள். அதைச் சுற்றி வெளிவரும் தேனீ இடம் மாறியிருப்பதை உணர்ந்து திரும்ப அடையாளம் பார்த்துக்கொள்ளும்.

ஏற்றுவதற்கு முன் நோய்ப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். அமெரிக்கன் பவுல்புரூட் என்னும் புழு அழுகல் நோயின் வித்துகள் மரப்பெட்டியில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். ஒரு பெட்டியோடு அது புது ஊருக்குப் போனால் அங்கே இருக்கும் எல்லோருடைய தேனீக்களுக்கும் கேடு.

மரங்களை எடுத்துப் போக முடியாது, ஆனால் மரத்தின் வகையை எடுத்துப் போகலாம். மொட்டு விரியும் முன், மரம் உறக்கத்தில் இருக்கும்போதே, போன வருஷம் வளர்ந்த பென்சில் பருமன் குச்சிகளை வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அதே தட்டில் ஆப்பிள் பழம் இருக்கக் கூடாது, அது விடும் எத்திலீன் வாயு குச்சியின் மொட்டுகளைக் கெடுக்கும். சாறு ஏறும் நேரத்தில் தொட்டியில் இருக்கும் வேர்ச்செடிமேல் ஒட்டுக் கட்டினால், கிளம்பும்போது இரண்டு சாண் தளிரோடு ஏற்றலாம். புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப் செடியின் கிழங்கை மொட்டு உப்பும் நேரத்தில் மண்வெட்டியால் பிளந்து, துண்டுக்கு ஒன்றிரண்டு மொட்டு இருக்கும்படி எடுங்கள், மறு பாதியை இருந்த இடத்திலேயே விடுங்கள். தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த, தளிருக்காக வளர்க்கும் அஸ்பராகஸை மட்டும் தொடாதீர்கள். நன்கு வேரோடிய பழைய செடியைப் பெயர்த்தால் பிழைப்பது அரிது, புதிதாக நட்டாலும் வெட்ட இரண்டு மூன்று வருஷம் ஆகும். மண்ணோடு செடி கொண்டுபோகத் தடை உள்ள எல்லைகளும் உண்டு, ஆதலால் வண்டியில் ஏற்றும் முன் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். விறகைக் கட்டாயம் ஏற்ற வேண்டாம். எமரால்ட் ஆஷ் போரர் என்னும் வண்டு தூர இடங்களுக்குப் பரவியதில் மனிதர்கள் ஏற்றிச் சென்ற விறகுக்குப் பெரிய பங்கு உண்டு.

சமையலறை. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி நிரம்பியிருந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நூறு ஜாடி 150 கிலோ. இதை நினைத்தாலே அலமாரியைக் காலி செய்யும் வேகம் வந்துவிடும். கிளம்ப 14 வாரம் இருக்கும்போதே எண்ணிப் பார்த்து, வாரத்துக்கு இத்தனை என்று சமையல் திட்டத்தில் எழுதிவிடுங்கள். ஏற்றியே ஆக வேண்டியவற்றை அட்டைத் தடுப்பு உள்ள பெட்டியில், ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டுக்கு மேல் போகாமல் வையுங்கள், அதுவே 18 கிலோ. போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு மூடியின் நடுவையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் மேலே வந்தால் அது காற்றுப் புகுந்த ஜாடி. ருசி பார்க்கக்கூட வேண்டாம், அப்படியே கொட்டிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: புது இடம் உயரமானதென்றால், உணவு அடைத்த ஜாடிகளை அழுத்தப் பாத்திரத்தில் சூடாக்கிப் பதப்படுத்தும் அளவு மாறும். எலும்பில்லாத கோழிக் கறியை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் 90 நிமிஷம் வைக்கிறோம். எடைக்கல் வைக்கும் வகைப் பாத்திரத்தில் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் வரை 10 பவுண்டு அழுத்தம் போதும், அதற்கு மேல் 15 பவுண்டு வேண்டும். பழைய கைப்பழக்கத்தில் 10 பவுண்டிலேயே செய்தால் பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்து சாகாமல் இருக்கலாம். பாத்திரத்தின் மூடியிலேயே புது ஊரின் உயரத்தையும் அழுத்தத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

உறைபெட்டியை வண்டி வருவதற்கு ஒரு நாள் முன்பே அணைத்து, பனி முழுக்க உருகி, துடைத்து, கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். நிமிர்ந்தபடியே போகட்டும்.

பெரிய குடும்பத்தின் பலம் கைகளின் எண்ணிக்கை. அதைச் சிதறவிடும் வழியும் ஒன்று உண்டு, எல்லோரையும் மூட்டை கட்டச் சொல்வதுதான். தண்ணீர், தீவனம், முட்டை, பால் கறப்பது என்ற நான்கு வேலைக்கும் கடைசி நாள் வரை ஆள் பெயர் போட்டு, அவர்களை அந்த நேரத்தில் வேறு எதற்கும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். கலவரத்தில் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி காய்ந்தால் கோழிகள் பல நாள் முட்டையிடாது. பால் பாத்திரம், வடிகட்டி, தீவன முகவை, குளம்பு வெட்டி, டார்ச், குழாய் வாஷர், சுத்தியல், ஒரு சுருள் கம்பி, இவையெல்லாம் ஒரே பெட்டியில் கடைசியாக ஏறி முதலில் இறங்கட்டும். பத்து ஜோடி பூட்ஸையும் எல்லா மண்வெட்டியையும் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் வேர் முடிச்சு நோய் மண்ணிலேயே பல ஆண்டு கிடக்கும், ஒரு பூட்ஸ் அடியில் ஒட்டியது போதும் புதுத் தோட்டத்துக்கு வந்துசேர. கிருமிநாசினியை அழுக்கின் மேல் ஊற்றிப் பயனில்லை. முதலில் தூரிகை, தண்ணீர், பிறகுதான் மருந்து.

இரண்டு பெரியவர்களாவது முன்கூட்டிப் போய்ப் புது இடத்தின் வேலியைச் சுற்றி நடந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே மிருகங்கள் கிளம்பலாம். கோழிகளை இருட்டிய பின் படுத்திருக்கும் கொம்பிலிருந்து மெதுவாக எடுத்துக் கூடையில் வையுங்கள். 90க்கு 60 சென்டிமீட்டர் கூடையில் ஆறு பெட்டை போதும். மூடிய சாமான் வண்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அங்கே போனதும் ஒரு வாரம் கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால்தான் அதை வீடென்று பழகும். ஆடுகளில் கொம்புள்ளதையும் கொம்பில்லாததையும் தனித்தனித் தடுப்பில் ஏற்றுங்கள். வீட்டுப் பூனை இரண்டு மூன்று வாரம் வெளியே போகக் கூடாது.

இனி பாத்திகள். விட்டுப் போகிற நிலம்தானே என்று வெற்று மண்ணாக விடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். பட்டாணியும் லெட்டூஸும் எடுத்த இடத்தில் பக்வீட் என்னும் மூடுபயிரின் விதையைத் தூவுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்து, களையை மூடி, ஐந்தாறு வாரத்தில் பூக்கும், அக்கம்பக்கத்துத் தேனீக்களுக்கும் ஆகும். பூத்ததும் விதை கட்டும் முன் வெட்டிவிட வேண்டும் என்று வருகிறவரிடம் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் அதுவே களை. புதுச் சாணத்தைப் பாத்தியில் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். மண்ணில் படும் காய்க்கும் புதுச் சாணத்துக்கும் நடுவில் 120 நாள் இடைவெளி வேண்டும், வருகிறவருக்கு அது எப்போது போட்டது என்று தெரியாது. எருக்குழியில் குவித்து, தேதியை ஒரு பலகையில் எழுதிச் செருகுங்கள்.

அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு நாலு நாள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில், சுவரை விட்டுத் தள்ளி, வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

இலையுதிர் காலத்தில் நட்ட பூண்டு மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காமல் நிற்கும். கிளம்பும்போது அது இடுப்பளவு வளர்ந்திருக்கும், குமிழ் இன்னும் முற்றியிருக்காது. சிலவற்றைப் பச்சைப் பூண்டாகப் பிடுங்கிச் சமைத்துக்கொள்ளலாம். பாக்கியைப் பிடுங்காமல் விடுங்கள். கிணற்று மோட்டார் சுவிட்ச் எங்கே, குளிர்காலத்துக்கு முன் எந்த வால்வைத் திறந்து குழாயை வடிக்க வேண்டும், எந்த வேலிக்கால் ஆட்டம் காண்கிறது என்று எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டும் தாளில் கடைசி வரியாக இதையும் சேருங்கள்: கிழக்குப் பாத்தியில் இருப்பது பூண்டு. நடுத்தண்டு சுருண்டதும் ஒடித்துவிடவும். கீழ் இலை மூன்று நான்கு பழுத்து, மேலே ஐந்தாறு பச்சையாக இருக்கும்போது முள்மண்வெட்டியால் தோண்டவும். இழுத்துப் பிடுங்கினால் தண்டு அறுந்துவிடும். நிழலில் மூன்று வாரம் தொங்கவிடவும்.